கொழிஞ்சாம்பாறை என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள்

கடந்த ஆண்டு பருவமழைக் காலத்தில் ஒரு நாள், எங்கள் ஆய்வறையின் பொதுக் கோப்புறையைத் திறந்தபோது அதனுள் 'கொழிஞ்சாம்பாறை' என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் இருக்கக் கண்டேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஓரிடத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் இருக்க இயலாது என்பது கணினி பழகும் எவருக்கும் முதல் வாரத்தில் தெரிந்துவிடும் செய்தி. ஆகவே நகலெடுக்கும்போது நேர்ந்த குளறுபடி என்று எண்ணி, இரண்டில் ஒன்றை நீக்கினேன். என் மடிக்கணினியில் நீக்கியிருந்தால் அது குப்பைத் தொட்டியில் கிடந்திருக்கும், மீட்டிருக்கலாம். பிணையத்தின் வழியே வேறொரு கணினியில் உள்ள கோப்பை நீக்கினால் அது எந்தத் தொட்டிக்கும் போவதில்லை. அந்தக் கணினியில் மீட்புத் தொட்டி ஒன்றை யாரேனும் தனியே அமைத்து வைத்திருந்தாலன்றி, போனது போனதுதான். எங்களதில் யாரும் அமைத்திருக்கவில்லை.

போனவை பதினோரு ஒலிப்பதிவுகள். அவற்றுள் ஏழு, சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கிணறு வெட்டும் தொழிலில் வாழ்நாளைக் கழித்த ஒரு பெரியவரின் பேச்சு. பாறையின் வகைக்கு ஒரு சொல், ஊற்றுக் கண் திறக்கும் முன் மண்ணில் தெரியும் நிறத்துக்கு ஒரு சொல், கயிறு இழுப்பவர் மேலிருந்து கொடுக்கும் குரலுக்கு ஒரு சொல் என அவரிடம் ஒரு தனிச்சொற்களஞ்சியமே இருந்தது. என் கையேட்டில் 43 சொற்கள் எழுத்தில் எஞ்சியுள்ளன. உயிரொலியின் நீளமும் மூக்கொலிச் சாயலும் எழுத்தில் எஞ்சவில்லை. நான் மீண்டும் சென்றபோது அவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார், வாய் குழறியது. 'எல்லாம்தான் போன தடவையே சொல்லியாச்சே கண்ணு' என்பதாக அவர் மகள் அவருக்காகச் சொன்னார்.

தவறு என்னுடையது. அதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு மொழியியல் மாணவனுக்கு இரண்டு கேள்விகள் எஞ்சின. ஒரே பெயரைத் தாங்கிய இரண்டு பொருள்களை அந்தக் கணினி எப்படி வேறு வேறாகக் கண்டது? ஓர் அறையில் உள்ள கணினிகள் தம் கோப்புறைகளை ஒன்றுக்கொன்று திறந்துவைக்கும் இவ்வழக்கம் எங்கிருந்து, எவ்வாறு நம் எல்லையோரப் பள்ளிகள் வரை வந்தது? இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது.

1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய பாரி ஃபைகன்பாம் என்பவர், டாஸ் இயங்குதளம் தன் சொந்த வட்டில் உள்ள கோப்பைத் திறப்பதற்கு இடும் கட்டளையைக் கம்பியின் வழியே இன்னொரு கணினிக்கு அனுப்பும் முறை ஒன்றை வகுத்தார். தம் பெயரின் முதலெழுத்துகளால் 'பிஏஎஃப்' என்று முதலில் அதற்குப் பெயரிட்டு, பின்னர் 'எஸ்எம்பி' என்று மாற்றினார் என்பர். இந்நெறிமுறையின் தந்திரம் எளியது: கேட்கும் செயலிக்குத் தான் கேட்பது தொலைவில் இருக்கிறது என்பதே தெரியாது. பக்கத்து அறையின் வட்டு, தன் வட்டில் இன்னொரு எழுத்தாக, 'எஃப்' என்றோ 'ஜி' என்றோ, நின்றுவிடும்.

இதன் கீழே பெயர்களை நிருவகித்தது நெட்பயாஸ். ஒவ்வொரு கணினிக்கும் பதினாறு பைட்டுப் பெயர். கடைசி பைட்டு அது எவ்வகைப் பணி செய்வது என்பதைக் குறிக்க, பெயருக்கு எஞ்சுவன பதினைந்து. அதுவும் ஆங்கிலப் பேரெழுத்தில். கணினியை இயக்கியதும் அது பிணையம் முழுவதற்கும் கேட்கும்படி 'இன்ன பெயர் என்னுடையது, மறுப்பவர் உண்டா' என்று அறிவிக்கும். மறுப்பு வராவிடில் பெயர் அதற்குரியது. மூணாறு, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காலையில் நடக்கும் பெரட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. அங்கும் பெயர் கூப்பிடப்படும்போது குரல் கொடுப்பவரே அன்றைக்கு இருப்பவர். ஒரு வேறுபாடு உண்டு. பெரட்டில் கங்காணி யார் என்பது முன்பே முடிவானது. விண்டோஸ் பிணையத்தில், யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை வைத்திருப்பது யார் என்பதைக் கணினிகள் தமக்குள் தேர்தல் நடத்தி முடிவு செய்தன. அதற்குத் 'தேர்தல்' என்றே பெயர். எந்தப் பதிப்பு இயங்குதளம், எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்பவைதாம் வாக்குகள். அணைத்து அரைமணி நேரமான கணினியும் அந்தப் பட்டியலில் நின்றுகொண்டிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வாக்காளர் பட்டியல்களோடு இதை ஒப்பிடும் ஆசையை அடக்கிக்கொள்கிறேன்.

1992இல் மைக்ரோசாஃப்ட் 'விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ்' என்ற பதிப்பை வெளியிட்டபோது இந்நெறிமுறை சிறு அலுவலகங்களுக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் அதன் உள்ளிலக்கணம் முழுவதுமாக வெளியார்க்குக் கிடைக்கவில்லை. விண்டோஸ் அல்லாத ஒரு கணினி அந்த உரையாடலில் கலந்துகொள்ள வேண்டுமானால் ஒட்டுக்கேட்டுத்தான் கற்க வேண்டும். அப்படிக் கற்றவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்.

இவ்விடத்தில் சற்று நின்றே செல்ல வேண்டும், ஏனெனில் இது எங்கள் துறையின் கதையும்கூட. 1991இன் இறுதியில் டிரிட்ஜெல் கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர். ஆய்வுக்குத் தொடர்பில்லாத ஒரு சில்லறைத் தேவைக்காக, தன் டாஸ் கணினியிலிருந்து யூனிக்ஸ் கணினியின் வட்டைப் பார்க்க விரும்பினார். இரு கணினிகளுக்கிடையே கம்பியில் ஓடும் பொட்டலங்களைப் பதிவுசெய்து, எந்தக் கேள்விக்கு எந்த விடை வருகிறது என்று நோக்கி, அவ்விடையைத் தானே தரும் ஒரு நிரலை எழுதி 1992 சனவரியில் வெளியிட்டார். பின்னாளில் தன் முறையை விளக்கும்போது அவர் சொன்ன உவமை பிரெஞ்சு உணவகம். மொழி தெரியாத ஒருவன் உணவகத்தின் மூலையில் அமர்ந்து, வாடிக்கையாளர் எழுப்பும் ஒலியையும் அதன்பின் பரிமாறுபவர் கொண்டுவரும் பண்டத்தையும் இணைத்து இணைத்தே மொழியைக் கற்கிறான். சில சொற்கள் உணவகத்தில் ஒருபோதும் ஒலிக்காது. அவற்றுக்கு வேறு வழி வேண்டும். அங்கே அவர் தாமே ஊகித்த கட்டளைகளை வரிசையாக அனுப்பிப் பார்த்தார். எவ்வகைப் பிழைச்செய்தி திரும்புகிறது என்பதைக் கொண்டே எந்தக் கட்டளை அம்மொழியில் உண்டு, எது இல்லை என்று வரையறுத்தார்.

களமொழியியல் படித்தவர்கள் இதை உடனே அடையாளம் காண்பர். இடைமொழி எதுவும் இல்லாமல், ஒரு குச்சியையும் இலையையும் கையில் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத மொழியின் பேச்சாளரோடு கென்னத் பைக் மேடையில் நடத்திக் காட்டிய ஒருமொழிக் களமுறையே இது. பிழையான தொடரை நாமே சொல்லிப் பேச்சாளரின் முகம் சுளிப்பதைக் குறித்துக்கொள்வதும் நாம் செய்வதுதான். இடுக்கி மலையில் முதுவர் பேச்சைக் கேட்டு எழுதிய முதல் மாதங்களில் என் குறிப்பேட்டில் இருந்தவற்றுள் பாதி அம்முகச் சுளிப்புகளே.

டிரிட்ஜெலின் நிரலுக்கு 1994இல் புதுப்பெயர் தேவைப்பட்டது. பழைய பெயரில் வேறொரு நிறுவனத்துக்கு வணிக உரிமை இருந்தது. கணினியில் இருந்த ஆங்கிலச் சொற்பட்டியலில் எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொற்களைத் தேடினார். கிடைத்தவற்றுள் ஒன்று 'சாம்பா'. பிரேசில் நடனத்துக்கும் கோப்புறைக்கும் வேறு உறவு இல்லை. (நம்மூரில் சம்பா நெல்லோடு இதைத் தொடர்புபடுத்திப் பாடம் நடத்திய ஒருவரை நான் அறிவேன்.) அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு சாம்பாவைப் பற்றியதன்று என்பதையும் இங்குள்ள சக ஆய்வாளர்களின் ஆறுதலுக்காகக் குறிப்பிடுகிறேன்.

ஒட்டுக்கேட்டு எழுதிய இலக்கணத்துக்கு மூல இலக்கணம் கிடைக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு எதிராக அளித்த முடிவும், 2007 செப்டம்பரில் அதை உறுதிசெய்த நீதிமன்றத் தீர்ப்பும் வந்த பிறகு, அவ்வாண்டு டிசம்பரில் பத்தாயிரம் யூரோ ஒருமுறைக் கட்டணத்தில் நெறிமுறை ஆவணங்கள் சாம்பா குழுவினர்க்குத் திறந்தன. அதற்குள் உலகில் எத்தனையோ அறைகளில் லினக்ஸ் கணினியும் விண்டோஸ் கணினியும் பேசிக்கொண்டிருந்தன.

அவ்வறைகளுள் சில கேரளத்தின் பள்ளிகளில் இருந்தன. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், விண்டோஸில் கால்வைத்து, அந்தப் பத்தாண்டு முடியுமுன் முழுவதுமாகக் குனு லினக்ஸுக்கு மாறியது. முதலில் டெபியன், பின்னர் உபுண்டு ஆகியவற்றை அடியாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஒரு வடிவம் தொகுக்கப்பட்டது. 2017இல் அத்திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. அதன் பின் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் ஒளிவீழ்த்தியும் சென்றன. பத்தாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பப் பாடநூலில் கணினி வலையமைப்பு ஓர் இயலாகவே இடம்பெற்றது.

இதில் தமிழுக்கு என்ன என்று கேட்கலாம். 1956 நவம்பரில் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. சித்தூர் வட்டமும் அவ்வாறே. 1969இன் ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு கடிதத்தொடர்பு கொள்ள இடமளித்தது. ஆகவே கொழிஞ்சாம்பாறையிலும் வண்டிப்பெரியாற்றிலும் தமிழ்வழி வகுப்புகள் உண்டு. தமிழில் பாடநூல்கள் உண்டு. பாடநூல் தமிழில் வந்தால், ஆசிரியர் தயாரிக்கும் பயிற்சித்தாளும் தமிழில் வரும். கோப்புக்கும் தமிழில் பெயர் வைக்கத் தோன்றும். இணையம் அரிதான மலைப்பகுதியில் இவ்வுள்ளகப் பிணையத்தின் அருமை பிறர்க்குப் புரிவது கடினம். 2020இன் ஊரடங்கில் அலைபேசிச் சமிக்ஞை தேடி மேட்டுக்கு ஏறிய தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி நாளிதழ்களில் படித்திருப்போம். ஆய்வகத்தில் ஒரு சுவிட்சும் நான்கு கம்பிகளும் இருந்தால் கோப்பு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும். வெளியுலகம் தேவையில்லை.

ஆனால் பெயர் போகாது. இதுவே பழைய ஆசிரியர்கள் பலரும் என்னிடம் சொன்ன குறை. லினக்ஸ் கணினியில் 'பயிற்சி' என்று பெயரிட்டுப் பகிர்ந்த கோப்பு, அலுவலக அறையின் பழைய விண்டோஸ் 98 கணினியில் வரிசையாகக் கேள்விக்குறிகளாகவோ அடிக்கோடுகளாகவோ தெரியும். சில வேளை எட்டு எழுத்துக்குள் அடங்கிய பொருளற்ற சங்கேதமாகவும் தெரியும். காரணம் இதுதான். அக்கால விண்டோஸ் ஒவ்வொரு மொழிக் குழுவுக்கும் 256 இடங்கள் கொண்ட ஒரு குறிப்பக்கம் வைத்திருந்தது. கிரேக்கத்துக்கு ஒன்று, அரபுக்கு ஒன்று, தாய்லாந்து மொழிக்கு ஒன்று. தமிழுக்கு ஒருபோதும் இல்லை. மலையாளத்துக்கும் இந்திக்கும்கூட இல்லை. இம்மொழிகள் விண்டோஸுக்குள் வந்ததே ஒருங்குறியின் வழியாகத்தான். தமிழுக்கு அது விண்டோஸ் 2000இல் நிகழ்ந்தது. சாம்பாவின் பழைய பதிப்புகளும் குறிப்பக்கங்களை நம்பியே இருந்தன. 2003 செப்டம்பரில் வந்த சாம்பா 3.0தான் ஒருங்குறியை உள்ளபடி பேசத் தொடங்கியது. அதற்கு முன் தமிழ்ப்பெயர் கொண்ட கோப்பைப் பிணையத்தில் வைத்தவர் அதைத் தொலைத்தவரே. ஆதலால் எல்லையோரப் பள்ளிகளின் பழைய கோப்புறைகளில் 'பயிர்ச்சி' என்றும் 'பாடம்' என்றும் ஒலிக்கும் ஆங்கில எழுத்துப் பெயர்களே நிறைந்திருக்கின்றன. ஒலிபெயர்ப்பு ஆய்வுக்கு அது ஒரு சுரங்கம். ழகரத்தை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்பதைத் தனியே எழுத வேண்டும்.

ஒருங்குறி வந்தபின் பெயர் போனது, ஆனால் பெயரின் ஒருமை போயிற்று. முதல் கேள்விக்கு இப்போது விடை கூறலாம்.

'கொழிஞ்சாம்பாறை' நமக்கு ஏழு எழுத்து. ஒருங்குறிக்குப் பதினான்கு குறிகள்: ககரத்துக்கு ஒன்று, ஒகரக் குறிக்கு ஒன்று, ழகரத்துக்கு ஒன்று, இகரக் குறிக்கு ஒன்று என்று போகும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் வட்டில் மூன்று பைட்டு. ஆக 42. ஆனால் 'கொ' என்பதை எழுத ஒருங்குறியில் இரண்டு வழி உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியாக இடலாம். அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடலாம். தட்டச்சுப்பொறி முறையைப் பின்பற்றிய விசைப்பலகை நிரல்கள் சிலவற்றில், கொம்பும் ககரமும் அடித்துப் பின் கால் அடித்தால், இரண்டாகவே தங்கிவிடும். அப்போது பதினைந்து குறிகள், 45 பைட்டு. திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரமும் இவ்விரண்டும் ஒன்றென்றே கொள்ள வேண்டும் என்கிறது. லினக்ஸின் கோப்பு முறைமைக்கோ பெயர் என்பது எழுத்து வரிசையன்று, பைட்டு வரிசை. 42ம் 45ம் ஒன்றாகுமா? விண்டோஸின் கோப்பு முறைமையும் இவற்றை இணைப்பதில்லை. சாம்பா ஆங்கிலத்தின் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் ஒன்றாகக் கருதக் கடும் உழைப்பு மேற்கொள்ளும். ஒகரத்தின் இரு வடிவங்களை ஒன்றாகக் கருத அதற்கு யாரும் சொல்லவில்லை.

என் களக்கணினியில் நான் ஒரு வகை விசைப்பலகை வைத்திருந்தேன். ஆய்வறைக் கணினியில் வேறொன்று. இரண்டு பயணங்களின் பதிவுகள் இரண்டு கோப்புறைகளாயின. நான் ஒரு பயணத்தை அழித்தேன்.

மலையாளத்தில் இது இன்னும் சிக்கல். ஒகரக் குறியின் இரட்டை நிலை அங்கும் உண்டு. அதோடு, 2008இல் ஒருங்குறி 5.1 பதிப்பு சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறிகள் தந்தது. அதற்கு முன் அவை மெய், புள்ளி, இணைப்பி என மூன்று குறிகளால் எழுதப்பட்டன. ஒகரத்துக்கு இருக்கும் அந்தத் 'தர ஒப்புமை' இவற்றுக்கு இல்லை. ஆக 2008க்கு முந்தைய கோப்பும் பிந்தைய கோப்பும் அதிகாரபூர்வமாகவே வேறு வேறு பெயர்கள். பாலக்காட்டில் இருமொழிப் பெயர்களோடு தரவு சேர்ப்பவர்கள் கவனிக்க. இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன்: லினக்ஸில் ஒரு கோப்புப்பெயர் 255 பைட்டைத் தாண்டலாகாது. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் 85 குறி. தேதி, ஊர், பேச்சாளர் வயது, தலைப்பு என்று நீளமாகப் பெயரிடும் பழக்கம் நமக்கு உண்டு. விண்டோஸில் சரியாக இருந்த அப்பெயர் சாம்பா வட்டுக்குச் செல்லும்போது பிழைச்செய்தியோடு திரும்பும்.

பாலக்காட்டைப் பற்றிப் பேசும்போது 2017 மே மாதத்தை விட்டுவிட முடியாது. அம்மாதம் 12ஆம் நாள் 'வானாக்ரை' என்ற பிணைத்தொகை நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. அது பரவிய வாயில் எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை. அதாவது ஃபைகன்பாமின் வழிவந்த அதே கோப்புப் பகிர்வு. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, இட்டுக்கொள்ளாதவர்கள் அகப்பட்டனர். அடுத்த வாரத் தொடக்கத்தில் வயநாட்டின் தரியோடு ஊராட்சி அலுவலகத்திலும், தென்னக இரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகத்திலும் கணினிகள் பூட்டப்பட்டுத் தொகை கேட்கும் அறிவிப்பு திரையில் நின்றது. அவ்வாண்டு இலையுதிர் காலத்து விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி முதல் பதிப்பு தானாக நிறுவப்படுவது நிறுத்தப்பட்டது. அந்தப் பழைய 'தேர்தல்' முறையும் அதனோடு ஓய்ந்தது. பழைய லினக்ஸ் கணினிகளை வைத்திருந்த ஆய்வகங்களில் ஒரு நாள் காலை அண்டைவீட்டார் அனைவரும் பட்டியலிலிருந்து காணாமற்போயினர். கம்பி அப்படியே, கோப்பு அப்படியே. கூப்பிட்டால் குரல் வரவில்லை. நேரடியாக முகவரி எண்ணை அடித்துப் போகத் தெரிந்தவர் போனார். மற்றவர்கள் பென் டிரைவுக்குத் திரும்பினர்.

சொல்லைப் பற்றியும் ஒரு சொல். 'பகிர்' என்பது பகு என்னும் அடியிலிருந்து வருவது. பகுதி, பங்கு எல்லாம் அதன் உறவு. பகிர்ந்தால் என் பங்கு குறைய வேண்டும். மலையாளத்தின் 'பங்குவைக்குக' என்பதும் அப்படியே. கோப்புறையைப் பகிரும்போது எதுவும் கூறுபடுவதில்லை, குறைவதும் இல்லை. கிணற்றைப் பங்கிட்டுக்கொள்வதைவிட, ஒரு கிணற்றில் பலர் நீர் மொள்வதற்கே இது நெருக்கம். அதற்கு எல்லையின் இரு பக்கத்திலும் ஒரு பொதுச்சொல் இருக்கிறது: புழங்குதல். 'அது எல்லாரும் புழங்கும் கிணறு' என்பார்கள். யார் புழங்கலாம், யார் புழங்கக்கூடாது என்ற கொடிய வரலாறும் அச்சொல்லுக்குள்ளேயே உண்டு. படிக்க மட்டும், எழுதவும், நுழையவே கூடாது என்று அனுமதிகளை அடுக்கும் ஒரு பொறிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. 'பகிர்வு' இனி மாறப்போவதில்லை என்பதையும் அறிவேன்.

இப்போது எங்கள் பொதுக் கோப்புறையில் மூலப்பதிவுகள் படிக்க மட்டும் என்ற அனுமதியில் இருக்கின்றன. மீட்புத் தொட்டி அமைத்தாயிற்று. கோப்புப்பெயர்களை எல்லாம் ஒரே வடிவத்துக்கு மாற்றும் சிறு நிரல் இரவுதோறும் ஓடுகிறது. முதல் இரவில் அது 26 இரட்டைகளைக் கண்டுபிடித்தது. அவற்றுள் 'கோவிலூர்' இருந்தது, 'பொன்முடி' இருந்தது. எல்லாம் ஒகர ஓகாரப் பெயர்கள். பெரியவரின் 43 சொற்களையும் அவர் மகளிடம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிப் பதிவுசெய்தேன். பதினெட்டு அவருக்குத் தெரியவில்லை. அவற்றுள் ஒன்றை நான் படித்துக் காட்டியபோது கட்டிலிலிருந்த பெரியவர் தலையை அசைத்து மறுத்தார். உயிரை நான் நீட்டிச் சொன்னது பிழை என்கிறாரா, சொல்லே பிழை என்கிறாரா என்று தெரியவில்லை. குறுக்கியும் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் அசைத்தார்.